பூசணிக்குத் தைத்த பை

அந்தத் தையல்காரரைத் தெருவே காஜா என்றுதான் கூப்பிடும். பட்டனுக்கு அவர் எடுக்கும் காஜா அவ்வளவு சுத்தம். என்ன பிரயோஜனம்? கொல்லையில் மூன்று கோடையாக ஒரு பூசணிக்காய் தேறவில்லை. பிஞ்சு வைத்ததும் ஈ குத்தி முட்டையிட்டுவிடும். நாலாம் நாள் புழுத்து விழும்.

மனைவி பஸ் டிரைவர். வெயிலில் கொதிக்கும் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனாள். இந்தத் தடவை ஒரு காயாவது பிடிக்காவிட்டால் கொல்லையில் ஸ்கூட்டருக்கு ஷெட் போட்டுவிடுவதாகக் கறாராகச் சொல்லி, மாதக் கடைசி ஞாயிறுக்குக் கொத்தனாரையும் வரச்சொல்லியிருந்தாள்.

காஜா விடுவாரா? விடிந்ததும் தண்ணீர் ஊற்றினார், வேர் காயாமல் வைக்கோல் பரப்பினார், வெண்டை இலையில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சியைச் சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவினார். பூசணிக்கோ, கொசுவலைத் துணியில் பூவுக்கொரு பை தைத்து, மொட்டிலேயே மாட்டிச் சுருக்குக் கயிறும் கட்டிவிட்டார். ஈ என்ன, எறும்புகூட நுழையாது. பெருமை தாங்கவில்லை. ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன.

சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பியவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, பூவையே மூட்டை கட்டி வச்சிருக்கீங்களே, தேனீ எந்த வழியா வரும்?”

காஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈயை மறித்த கெட்டிக்காரர் தேனீயையும் அல்லவா மறித்துவிட்டார்! ஆண்பூவின் மகரந்தம் சேராமல் காய் எப்படிப் பிடிக்கும்? கொடி முழுக்கத் தேடினார். அடியில் குட்டிப் பிஞ்சோடு ஒரே ஒரு பெண்பூ விரிந்திருந்தது. வெயில் ஏறினால் அதுவும் மூடிக்கொள்ளும். கை பரபரத்தது. சுருக்கு அவிழவில்லை, அவர் போட்ட முடிச்சாயிற்றே. அவள்தான் பல்லால் கடித்து அறுத்தாள். ஆண்பூ ஒன்றைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவினார். முதன்முதலில் பட்டுத்துணியில் கத்தரி வைத்த அன்றுகூட அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. தடவி முடித்ததும் ஈக்குப் பயந்து பையை மறுபடி மாட்டினார்.

மூன்றாம் நாள் பிஞ்சு எலுமிச்சை அளவு. ஐந்தாம் நாள் ஆரஞ்சு அளவு. காஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சட்டைக்கு வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். தினமும் டேப் பிடித்து அளந்து வந்து சொல்வார். அவள் “ம்” என்பதோடு சரி. அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு மனிதர் என்னவென்று நினைப்பார்?

மாதக் கடைசி ஞாயிறும் வந்தது. காலையிலேயே வாசலில் மணல் வண்டி நின்றது. எங்கே கொட்டுவது என்று கொத்தனார் குரல் கொடுத்தார். காஜா பதறியடித்துக் கொல்லைக்கு ஓடினார். அங்கே மனைவி, அவருடைய கத்தரியோடு பூசணிக்கொடி முன்னால் குந்தியிருந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

அவள் கொடியைத் தொடவில்லை. காயை இறுக்கிக்கொண்டிருந்த பையின் தையலைப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“பேருதான் தையல்காரர். வளர்ற பிள்ளைக்குத் துணி விட்டுத் தைக்க வேண்டாமா?” என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “கொத்தனாரே, மணலை முன்பக்கமே கொட்டுங்க. ஷெட்டு அங்கதான்” என்றாள்.

காஜா டேப்பைத் தேடி வீடெல்லாம் ஓடினார். அது அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.