நிபுணர் குழுவில் ஜலஜா

சம்பளம் கிடையாது, ஆட்டோச் செலவுகூடக் கிடையாது. ஆர்வமுள்ள நிபுணர்கள் தாமாக முன்வந்து யோசனை சொல்லலாம் என்று அரசு அறிவித்தபோது, முதலில் விண்ணப்பித்தவர் ஸ்ரீரங்கன்தான். வெள்ள எச்சரிக்கைக்கு எந்தத் தொழில்நுட்பத்தை நம்புவது என்று கொள்கை வகுக்கப் போகிறார்கள். தொலைத்தொடர்புத் துறையிலேயே தலை நரைத்தவர் அவர். "நீயும் போட்டு வை, ஜலஜா" என்று மனைவியைத் தூண்டியதும் அவர்தான். கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் ஜலஜா. சிரித்துக்கொண்டே போட்டு வைத்தாள்.

அவளை எடுத்தார்கள். அவரை எடுக்கவில்லை.

முதல் கூட்டம் முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தவள், கழுத்தில் நீலப் பட்டையோடு தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலே தோசை வார்த்தாள். மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாளா என்று சாப்பிட்டு முடிக்கும் வரை ஸ்ரீரங்கன் யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாமி கவர்மென்ட்டுக்கே அட்வைஸ் பண்றாளாமே, மாமா" என்றாள் கீழ்வீட்டு சுப்புலக்ஷ்மி.

"பொம்மனாட்டி ஒருத்தராவது இருக்கணும்னு ரூல் இருக்கும்" என்றார். சொன்னதும் வாய் கசந்தது. ஆனாலும் மறுநாள் பழைய சகா உபைதிடமும் அதையே சொன்னார். உபைத் சிரிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஜலஜா கொள்கை வரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். "படிச்சுப் பாருங்கோளேன். உங்க சப்ஜெக்ட்."

எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறும் என்று பழைய மழைக் கணக்குகளிலிருந்து அவள் வருவித்திருந்த விதம் அபாரமாக இருந்தது. அதுதான் அவரைக் குத்தியது. ஆனால் எச்சரிக்கை முழுவதும் செல்போன் குறுஞ்செய்தியாகவே போவதாக இருந்தது. மின்சாரம் போய், டவரில் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் ஒரு செய்தியும் போகாது. பாதி படிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நன்னா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நொச்சிக்குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. "மேடத்தோட ஹஸ்பெண்டுங்களா? முன்னாடி உக்காருங்க சார்" என்றார் வாசலில் நின்றவர். ஸ்ரீரங்கன் கடைசி வரிசைக்குப் போனார். ஜலஜா பேசி முடித்ததும் எழுந்தார்.

"ஒரு கேள்வி, மேடம். புயல்ல கரண்ட் போயிடும். கொஞ்ச நேரத்துல டவர்ல பேட்டரியும் தீந்துடும். அப்புறம் உங்க மெசேஜ் யாருக்குப் போகும்?"

முன்வரிசையில் இருந்த மீன்காரப் பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். "சார் கேக்கறது கரீட்டுமா. போன புயல்ல எங்க போன்லாம் செத்துக் கிடந்துச்சு. அதுக்கு இதுல வழி எங்க கீது?"

ஜலஜா கணவனையே பார்த்தாள். அவள் தடுமாறுவாள் என்று அவர் காத்திருந்தார். அதற்காகத்தானே வந்திருந்தார்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை" என்றாள் ஜலஜா. "இந்த வரைவுல இது பெரிய ஓட்டை. அதை அடைக்காம இதை மேல அனுப்ப மாட்டோம்."

கூட்டம் கைதட்டியது. கேள்வி அவருடையது; கைதட்டல் அவளுக்கு.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: "அன்னிக்குப் படிச்சப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நாலு பேர் முன்னாடி நான் அவமானப்படணும்னு வெச்சுண்டிருந்தேள். அது போகட்டும். இன்னிக்கு உங்களால வர முடியாமப் போயிருந்தா? அது அப்படியே மேல போயிருக்கும். அந்த மீன்காரம்மா, மெசேஜ் வரும்னு போனைப் பார்த்துண்டு உக்காந்திருப்பா."

அவருக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. இத்தனை நாளும் ஜலஜாவின் முகம் சுருங்குவதை மட்டும்தான் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார். மன்னிப்புக் கேட்காமலே, வீட்டு வாசலில் இறங்கி ஆட்டோவுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார்.

அதன்பின் வீட்டில் வேளாவேளைக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: "வியாழக்கிழமை தேனாம்பேட்டையில குழுக் கூட்டம். உங்களையும் கூப்பிட்டிருக்கா. நான்தான் சொன்னேன். சமாதானம் ஆயிட்டேன்னு நினைச்சுக்காதீங்கோ."

மனைவி சிபாரிசில் போவதா என்று இரண்டு மனதாக இருந்தது. வியாழக்கிழமை சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

உறுப்பினர்களுக்குப் பின்னால், சுவரோரம் அவருக்கு நாற்காலி. செல்போனை நம்பாமல், தனி பேட்டரியோடு வானொலி அலையில் இயங்கும் அபாயச் சங்குகளைக் கடலோரக் குப்பங்களில் நிறுத்த வேண்டும் என்று ஜலஜா விளக்கினாள். அவரே பேசியிருந்தால் இத்தனை தெளிவு வந்திருக்காது. "இந்தக் குறையைக் கண்டுபிடிச்சவர் ஸ்ரீரங்கன்" என்றாள். என் கணவர் என்று சொல்லவில்லை. தலைவர் அவளைப் பார்த்துத்தான் தலையாட்டினார். அந்தப் பழைய எரிச்சல் மறுபடி நெஞ்சில் ஏறியது. அது எங்கேயும் போய்விடவில்லை.

"மழைக்காலம் முழுக்கக் கரையில நின்னு இதைச் சோதிச்சுப் பார்க்கணுமே. சம்பளமில்லாம யார் செய்வா?" என்றார் தலைவர்.

உறுப்பினர்கள் தங்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். ஜலஜா திரும்பிப் பார்க்கவில்லை. அறிக்கை அவள் பெயரில்தான் போகும் என்பது ஸ்ரீரங்கனுக்குத் தெரியும்.

"நான் பண்றேன்" என்றார்.

"உங்க பேர்?"

சற்று முன் அவள் சொன்ன பெயர்தான். அவர் மறுபடி சொன்னார், அந்த அறைக்குத் தேவையானதைவிடச் சற்று உரக்க.