சேர்ந்த நாள் முகம்

தையல்காரியின் கணவன் நான்காவது முறையாக, வேலை கிடைத்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தான். கையில் பிஸ்கட் பொட்டலம், வாயெல்லாம் பல்.

சாக்கடைக் குழிக்குள் இறங்கும் வேலை. விஷவாயு அடித்து ஆள் செத்துப்போனால், கம்பெனி புது உடம்பு வளர்த்து அதில் பழைய நினைவை ஏற்றி அனுப்பிவிடும். மறுபிறவி என்று தெருவெல்லாம் விளம்பரம். வசதியுள்ளவர்கள் செத்தால் முந்தின நாள் வரைக்குமான நினைவு திரும்பக் கிடைக்கும். குழியில் இறங்குகிறவனுக்கு வேலையில் சேர்ந்த அன்று எடுத்த நினைவு மட்டும்தான். அன்றைக்குத்தானே அவன் எதிர்க்கேள்வி கேட்காமல் கும்பிடு போட்டான்! கம்பெனிக்காரன் காரியத்தில் கெட்டி.

அதனால் அவனுக்கு வயது ஏறவே இல்லை. அவளுக்கு நரை விழுந்துவிட்டது. அவன் வேலையில் சேர்ந்த பிறகுதான் மகள் பிறந்தாள்.

"யாரு இந்தப் பாப்பா? பக்கத்து வீடா?"

"உங்க பொண்ணுதாங்க" என்றாள் தையல்காரி, மிஷினிலிருந்து காலை எடுக்காமல்.

மகளுக்கு இது பழகிப்போயிருந்தது. "உக்காருங்கப்பா, அம்மா எல்லாம் சொல்லுவாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தையல்காரி சொன்னாள். மூடியைத் திறந்ததும் கரப்பான் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓடாவிட்டால் உள்ளே விஷவாயு என்று அர்த்தம். இதை அவள் தெரிந்துகொள்ளவே அவனுக்கு இரண்டு உயிர் போயிருந்தது. மூன்றாவது முறை, "கரப்பான் இல்லீங்க, எறங்க மாட்டேன்" என்றவனை மேஸ்திரி திட்டித்தான் இறக்கினார்.

"சும்மா கதை விடாத" என்று சிரித்தான்.

அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து மூன்று ஜோடி பூட்ஸ்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு சாவுக்கும் கம்பெனி கழுவித் திருப்பிக் கொடுத்தவை. மூன்றிலும் இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. தன் நடை அவனுக்குத் தெரியாதா? பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பிறகு மேஸ்திரிக்கு போன் போட்டான்.

"நான் வரலீங்க."

"சரிப்பா, உன் இஷ்டம்" என்றார் மேஸ்திரி. ஒரு அதட்டல்கூட இல்லை. தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை சுலபமா என்ற சந்தேகம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். மகள்தான் திறந்தாள்.

"அம்மா... இன்னொரு அப்பா."

வாசலில் பிஸ்கட் பொட்டலத்தோடு அதே சிரிப்பு. "வேலை கிடைச்சிடுச்சு! இப்பவே வரச் சொல்லிட்டாங்க, வண்டி கீழ நிக்குது."

உள்ளே இருந்தவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து பூட்ஸை மாட்டத் தொடங்கினான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"இவனுக்கு ஒண்ணுமே தெரியாது. செத்துருவான். நானே போறேன்."

"யோவ், யாருய்யா நீ? அது என் வேலை! கால்ல விழாத குறையா கெஞ்சி வாங்கினது" என்று வந்தவன் பதறினான். கீழே ஹாரன் அலறியது.

தையல்காரி பாய்ந்து பிடித்தாள். கையில் அகப்பட்டவன் எல்லாம் தெரிந்தவன். ஒன்றும் தெரியாதவன் பொட்டலத்தை மகள் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டான்.

"மூடியத் தெறந்ததும் கரப்பான் ஓடுதான்னு பாருங்க!" என்று மாடியிலிருந்து கத்தினாள். வண்டி கிளம்பிவிட்டது.