அழாத வருணிகா

தங்கதுரை மாந்தோப்பிலிருந்து வந்து பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில்தான், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த அவன் அக்கா செல்வப்பிரியா அதைப் பார்த்தாள். தம்பி மகள் வருணிகா, இரண்டு வயதுகூட நிரம்பாதவள், சைலன்சரில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றாள். அத்தையைக் கண்டதும் சிரித்தாள்.

ஓடிப்போய் இழுத்தாள். உள்ளங்கைத் தோல் சைலன்சரிலேயே ஒட்டிக்கொண்டது. குழந்தையோ அந்தக் கையாலேயே அத்தையின் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

தாய் சிவசங்கரி அலறிக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினாள். குழந்தை தண்ணீரில் அளைந்து விளையாடியது.

"எம்பட புள்ள ஊசி போட்டாக்கூட அழுவாதுக்கா," என்றான் தங்கதுரை. "நர்ஸம்மாவே அசந்து போச்சு."

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் வருஷக்கணக்காக செல்வப்பிரியா செய்துவந்த வேலையே வலியைப் பற்றியதுதான். தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகளில் சோடியம் அயனிகள் புகுவதற்கு நுண்ணிய வழிகள் உண்டு. சூடோ முள்ளோ பட்டால் அவை திறந்து, வலிக்கிறது என்ற சேதி மூளைக்குப் போகும். அவற்றில் ஒரு வழியை மருந்தால் அடைக்க முடிந்தால் தீராத வலிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருந்தாள். அந்த வழி பிறவியிலேயே பழுதான குழந்தைகளைப் பற்றியும் எழுதியிருந்தாள். தங்கள் நாக்கைத் தாங்களே கடித்துத் துண்டாக்கியவர்கள். உடைந்த காலோடு ஓடியவர்கள். படங்களில் அடையாளம் தெரியாமலிருக்க அவர்கள் கண்களைக் கறுப்புப் பட்டை மறைத்திருக்கும்.

வருணிகாவின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு ஓரமெல்லாம் ஆறிய கடித்தடங்கள். அந்தக் குழந்தைகளுக்கு வாசனையும் தெரியாது. சமையலறைக்குத் தூக்கிப்போய்ப் பெருங்காய டப்பாவை மூக்கருகே நீட்டினாள். பூண்டை நசுக்கிக் காட்டினாள். குழந்தை முகம் சுளிக்கவே இல்லை. விளையாட டப்பா மூடியைக் கேட்டது.

"என்னங்க அண்ணி பாக்கறீங்க?" என்றாள் சிவசங்கரி.

செல்வப்பிரியா இருவரையும் உட்காரவைத்து, குழந்தைக்கு வலியே தெரியாத நோய் இருக்கலாம் என்று சொன்னாள். தங்கதுரை பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"உன்ற ஆராய்ச்சிய லேப்போட வெச்சுக்கக்கா. நல்லா இருக்கற புள்ளைக்கு நோவுங்கற?"

"ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்டா."

"ஒண்ணும் வேண்டாம்."

சிவசங்கரி குழந்தையை மடியில் கிடத்தி வலது கணுக்காலைக் காட்டினாள். "நேத்திருந்து வீங்கியிருக்குதுங்க அண்ணி. அமுத்துனா சிரிக்கறா. எனக்கு உள்ளுக்குள்ள பயந்தானுங்க. சொன்னா இவரு திட்டுவாருன்னு இருந்துட்டேன்."

தங்கதுரை குனிந்து அழுத்தினான். குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. இன்னும் அழுத்தினான். இன்னொரு தடவை என்று காலை நீட்டியது. கார் சாவியைத் தேடினான். கையில் வைத்துக்கொண்டே தேடினான்.

பக்கத்தில் கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு எக்ஸ்ரே எடுத்ததில் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. அந்தக் காலோடுதான் காலையில் கோழியைத் துரத்தியிருக்கிறாள்.

"எதுனாலைங்க அண்ணி இப்படி?" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் சிவசங்கரி கேட்டாள். அவள் தங்கதுரைக்குச் சொந்தத் தாய்மாமன் மகள்.

"ஒரே குடும்பத்து ரத்தம். உங்க ரெண்டு பேருகிட்டயும் அந்தக் கோளாறு மறைவா இருந்து, புள்ளைகிட்ட ஒண்ணு சேந்திருக்கும். எனக்குள்ளயும் இருக்கலாம். யாரு மேலயும் தப்பில்ல," என்றாள் செல்வப்பிரியா.

சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்துக்கு வந்தது. தான் எழுதிய அத்தனை கட்டுரைகளின் தலைப்பிலும் இருந்த மரபணுவின் பெயரை அதில் படித்ததும் செல்வப்பிரியா தம்பிக்குப் போன் போட்டாள்.

"மருந்து இருக்குதாக்கா?"

"இல்லடா. அந்த வழிய அடைக்கத்தான் மருந்து தேடிட்டிருந்தோம். திறக்க யாருகிட்டயும் இல்ல."

"என்ன பண்ணணும், சொல்லு," என்றான். தினமும் கண், வாய், உள்ளங்கால் எல்லாம் பார்க்கணும், செருப்பில்லாமல் இறக்கக்கூடாது, காய்ச்சலென்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்று சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான்.

அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை.

"கண்ணு!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடுவது கேட்டது. செல்வப்பிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குடந்தான்க்கா உருண்டுச்சு. இவளுக்கு ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தியாடா?"

"பாத்துட்டேன்," என்றான். பிறகு, "இரு, இன்னொருக்கா பாத்தர்றேன்."