அலமாரிக்குள் ஆடு

ஞாயிறு பைபிள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். என் பேத்தியைக் காணோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையை நடிக்க வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று இந்த டீச்சர் கிளம்பியபோதே எனக்கு நம்பிக்கை இல்லை.

“என் பேத்தி எங்கம்மா?”

டீச்சர் முகம் வெளிறியது.

“ஐயையோ தாத்தா! காணாமப்போன ஆடு கதை. உங்க பேத்திதான் ஆடு, ஒளிஞ்சிக்கிட்டா. தேட வேண்டிய மேய்ப்பனா நடிச்ச பையனை அவன் அம்மா பாதியிலயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் மறந்தே போயிட்டேன்!”

“மத்த ஆடெல்லாம்?”

“பிஸ்கட் குடுத்து அனுப்பிட்டேன்.”

அறை அறையாக ஓடினேன். பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அலமாரியைத் திறந்தால், காதில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க போங்க தாத்தா. மேய்ப்பன்தான் கண்டுபிடிக்கணும்.”

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். பின்னாலேயே ஓடி வந்த டீச்சரைத் திட்ட ஒரு மூட்டை வார்த்தை வைத்திருந்தேன். அதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

“டீச்சர், என்னை யாருமே தேடலையா?”

அதற்கு மேல் நான் என்னத்தைத் திட்ட?