சின்னையன் கிணற்றுக் கல்

மூன்றாவது முறையாகப் பால் ஊற்றினார்கள். அந்த முறையும் சின்னையன் அதைக் குடித்து முடித்து, "சக்கரை கம்மி" என்றார். அண்ணனுக்குக் கடைசிப் பால் ஊற்ற வந்திருந்த பெரியம்மாள் டம்ளரோடு திகைத்து நின்றாள்.

மகள் பிரதீபா வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். கையில் போன். ஜிபின் இன்னும் கூப்பிடவில்லை. அப்பாவின் மூச்சு இடையிடையே நின்று, மறந்துவிட்ட எதையோ எடுக்க வந்ததுபோல் திரும்பி வந்தது.

எல்லையோர ஊரான பெருமாட்டியில் சின்னையன் சொல்வதை யாரும் நம்பிப் பழக்கமில்லை. தென்னையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் இளநீர் குடித்தே பிழைத்த முதலையைப் பார்த்தவர் அவர். எனவே, கிணற்றை ஆழப்படுத்தியபோது கிடைத்த பச்சைக் கல் உலகத்துக்கே புதுசு, அதற்குத் தன் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று அவர் சொன்னபோது டீக்கடையே சிரித்தது. ஆனால் கல்லை ஆராய எடுத்துப்போன மலையாளத்துக் காலேஜ் பையன் ஜிபின் நிஜமான ஆள். பெயரை முடிவு செய்யும் கமிட்டியின் பதில் இன்று வந்துவிடும் என்றிருந்தான். ஆயுளில் ஒரே ஒருமுறை அப்பா உண்மை சொல்லியிருக்கிறார். அது தெரியவருவதற்குள் போய்விடக் கூடாது.

"ஏங்கண்ணு, அந்தப் பையன் எங்க கூப்புடப் போறான்? அந்த மொதலை வேணா போன் பண்ணும்" என்றாள் பெரியம்மாள்.

"சும்மா இருங்கத்தே."

போன் அடித்தது. பிரதீபா ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் காதருகே வைத்தாள்.

"ஐயா, கல்லு புதுசுதான்! கமிட்டி ஒத்துக்கிச்சு. உயிரோட இருக்கற ஆளு பேரை வெக்கணும்னா அந்த ஆளு சம்மதிக்கணும். ஒரு வாக்கு சொன்னாப் போதும், கேட்டோ."

பெரியம்மாள் டம்ளரில் இருந்த மிச்சப் பாலைத் தானே குடித்துவிட்டாள்.

சின்னையன் கண்ணைத் திறந்தார். "எம் பேரு வேண்டாம்."

"அப்பா!"

"எம் பேர வெச்சா இந்த ஊட்ல ஒருத்தி அதச் சொல்ல மாட்டா. முத்தாத்தான்னு வெய்யி. கல்லுக்குப் பொருத்தமாவும் இருக்கும்."

கால்மாட்டில் இருந்த முத்தாத்தாள் கணவரை முறைத்தாள். கல்யாணமான நாள் முதல் அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. 'பிரதீபா அப்பா'தான். பிரதீபா பிறப்பதற்கு முன் வெறும் இருமல்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டபோது, கோயமுத்தூரில் இருந்த மகளுக்குப் போன் போட்டு நர்ஸின் கையில் கொடுத்தவள்.

"இந்த நேரத்துலயுமா உங்களுக்குக் குசும்பு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். மூச்சு வெளியே போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். இந்த முறை அது எதையும் மறந்துவிட்டுப் போகவில்லை.

"ஹலோ? அப்ப அம்மாவோட சம்மதம் வேணும்" என்றது போன்.

ஒப்பாரிக்கு வாய் திறந்த பெரியம்மாளைக் கையசைத்து நிறுத்திவிட்டு, முத்தாத்தாள் போனை வாங்கினாள்.

"எம் பேரு வேண்டாங்க தம்பி. அவிங்க பேரையே வெச்சுருங்க."

"ஐயா வேண்டாம்னாரே?"

"இனி அவிங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

ஜிபின் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ரெகார்டு ஆயிட்டிருக்கு அம்மா. எந்தப் பேருன்னு ஒருத்தர் தெளிவாச் சொல்லணும்."

பிரதீபா கையை நீட்டினாள். முத்தாத்தாள் போனைத் தரவில்லை. சுவரைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னாள்.

"கேக்கலம்மா, பஸ்ல இருக்கேன். இன்னும் ஒருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

பக்கத்துத் தோப்பில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, சின்னையனை யார் இப்படிக் கூப்பிடுவது என்று மரத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.