வண்டி நிற்கும் என்று நினைத்தவர்

இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கிய லாரிக்காரர், தரையில் கால் பட்டதும் "அம்மா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டார். ஆனாலும் இன்று படுக்க முடியாது. மகளுக்குப் பித்தப்பையில் கல். மத்தியானம் ஒரு மணிக்கு ஆபரேஷன்.

தாயில்லாப் பிள்ளை. வேலைக்காகப் போன நகரத்தில் தனியாக இருந்தாள். "ஊசி போடும்போது நீ பக்கத்துல இருப்பியாப்பா?" என்று கேட்டிருந்தாள். "இருப்பேன்டா தங்கம்" என்று இவரும் சொல்லியிருந்தார்.

லாரியில் போனால் அந்த ஊருக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி. விமானத்தில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டை அவளே போட்டு அனுப்பிவிட்டாள். பத்து மணிக்குக் கிளம்பும், சீக்கிரம் போய்விடு என்று படித்துப் படித்துச் சொன்னாள். டிரைவரிடம் எல்லாரும் சொல்வதுதானே என்று இவர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். முப்பது வருஷமாக இவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியிருக்கிறது. இவரை விட்டுவிட்டுப் போன வண்டி உலகத்திலேயே கிடையாது.

ஆற அமரக் குளித்து, சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விமான நிலையக் கவுன்ட்டரில் போய் நின்றார்.

"கதவு மூடியாச்சுங்க ஐயா" என்றாள் அங்கிருந்த பெண்.

"வண்டி நிக்குதேம்மா, கண்ணாடி வழியா தெரியுது பாரு."

"நிக்குதுதான். ஏத்த மாட்டாங்க."

"டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நானும் டிரைவர்தான்."

சிரிக்க வந்தவள், இவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். சாயங்கால விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தாள்.

மகளிடம் எப்படிச் சொல்வது? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"இறங்கிட்டியாப்பா?"

"ஏறவே இல்லடா. நான் போறதுக்குள்ள கதவை மூடிட்டான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஹாரன் அடிச்சுப் பாக்க வேண்டியதுதானே?" என்றாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"போனை வைக்காத. நான் வந்துக்கிட்டேதான் இருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே, போனில் வாயாலேயே லாரியைக் கிளப்பினார். ஷெட்டை விட்டு வெளியே வந்தார். வளைவைச் சொன்னார், பஞ்சர் கடையைச் சொன்னார், எப்போதும் குறுக்கே வரும் மாடுகளைத் திட்டினார். "மெதுவாப் போப்பா" என்றாள் அவள். மலை ஏறி இறங்கி, ஆற்றுப் பாலத்துக்கு வந்திருந்தார். அதற்குள் "போதும்மா, போனைக் குடு" என்று நர்ஸின் குரல் கேட்டது. இன்னும் பாதி வழி கிடந்தது.

ராத்திரி இவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் விழித்திருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. பஞ்சைத் தண்ணீரில் தொட்டு ஒற்றிவிட்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த அந்தக் கையை அவள் இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இடுப்பு கெஞ்சியது. அசையாமல் குனிந்தே இருந்தார்.

ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பேன் என்று கொடுத்த வாக்கு கடனாகவே நின்றது. அதை அடைக்க அவளுக்கு இன்னொரு ஆபரேஷன் வரவேண்டும். வேண்டவே வேண்டாம், கடன்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.