தலைப்புப் பட்டையில் ஒரு தலைமை நிர்வாகி

மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் அண்ணன். அவனுக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அண்ணி. கதவோரம் மோட்டார் வந்த மரப்பெட்டியின் மேல் மெக்கானிக். தங்கை உட்காரும் நாற்காலியில்தான் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அதனால் தங்கை பிரிண்டர் பக்கமாக நின்றாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனி அண்ணனுக்கும் தங்கைக்கும் பாதிப் பாதி. கம்பெனிக்கு ஒரே மெயில் கணக்கு. இருவர் போனிலும் அதுதான். ஆரம்பத்திலிருந்தே கடிதப் போக்குவரத்து தங்கையின் பொறுப்பு. போன மாதம் அண்ணனுக்கு அது கண்ணை உறுத்தியது. தன் போனில் செட்டிங்ஸைக் குடைந்து, மெயில் ஆப்பின் தலைப்புப் பட்டையில் கணக்கின் பெயர் தெரிகிற இடத்தில் ‘தலைமை நிர்வாகி’ என்று போட்டுக்கொண்டான். அன்று முதல் வாடிக்கையாளர்களுக்கு அவனே பதில் எழுதினான். கடைசியில் பெயர் போடுவதில்லை. அதுதான் உச்சியிலேயே இருக்கிறதே!

இன்று காலை ஆஸ்பத்திரி மேனேஜர் போனில் கத்தித் தீர்த்துவிட்டார். மெயில் எழுதும் அந்தம்மாவுக்கு அவ்வளவு திமிரா, அவர் இருக்கும்வரை உங்கள் சகவாசமே வேண்டாம், இனி எதுவானாலும் காகிதத்தில் கையெழுத்தோடு வரட்டும் என்று.

“கேட்டல்ல? மரியாதையா விலகிக்கோ,” என்றான் அண்ணன்.

“நான் என்ன எழுதினேன்?” என்றாள் தங்கை.

“உன் வாய்தான் ஊரறிஞ்சதாச்சே,” என்றாள் அண்ணி.

கணக்கிலிருந்து போயிருந்த மெயில்களைத் தங்கை ஏற்கெனவே பார்த்திருந்தாள். ‘லிஃப்ட் நின்றால் படி இருக்கிறது, ஏறிப் போங்கள்’ என்று ஆஸ்பத்திரிக்கு ஒன்று போயிருந்தது. அவள் எழுதியதல்ல.

“அண்ணா, உன் போன்லேருந்து அண்ணிக்கு ஒரு மெயில் போடு. இப்பவே.”

அலட்சியமாகத் தட்டினான். கைப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்த அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

“யாரு அனுப்பினதுன்னு இருக்கு? சத்தமா படிங்க அண்ணி.”

“...உன் பேருதான் இருக்கு.”

மரப்பெட்டியில் ஒரு சிரிப்பு இருமலாக மாறியது.

“பட்டையில இருக்கறது உன் போன்ல மட்டும்தான் தெரியும். அனுப்பறவங்க பேரு தனி. கணக்கு திறந்தப்போ போட்ட என் பேரு அப்படியே இருக்கு. கண்ணாடியைப் பார்த்து உனக்கு நீயே சலாம் போட்டுக்கிட்டு, என் பேர்ல ஊரைத் திட்டியிருக்க.”

“தெரியாம நடந்துபோச்சு.”

“பேரு மாறினது தெரியாம. திட்டினது?”

வெள்ளைத்தாளை அவன் முன் வைத்தாள். “மேனேஜருக்கு எழுது. இல்லன்னா என் பாதியை இன்னிக்கே பிரிச்சுக் கொடு.”

‘எங்கள் மெயில் ஆப்பின் கோளாறால்’ என்று ஆரம்பித்தான். அவள் தாளைப் பிடுங்கிக் கசக்கினாள்.

“ஆப் யாரையும் படியேறச் சொல்லல.”

அடுத்த தாளில், என் தங்கை எழுதவில்லை, நான்தான் எழுதினேன், மன்னிக்கவும் என்று வந்தது. கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா தாளைக் கிழித்தது.

“கூடப் பொறந்தவளா நீ?” என்றாள் அண்ணி.

“அதனாலதான் இதோட விட்டேன்.”

உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரத்தை ஸ்கேலால் அழுத்தித் தேய்த்தாள்.

“மேனேஜர் கையிலயே குடுங்கண்ணே,” என்று மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினார்.